சோதனைத் தாளைப் படித்தவர்

கேன்டீனில் காபி வந்தால் நாங்களெல்லாம் எடுத்துக் குடிப்போம். அவர் மட்டும் டம்ளரை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். ஒருநாள் கேன்டீன்காரரைக் கூப்பிட்டு, தூளில் காபிக்கொட்டை எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டார். கேன்டீன்காரர் பாலக்காட்டுப் பக்கத்து மனிதர், பொய் சொல்வதற்குக்கூடச் சோம்பல்படுபவர். சிக்கரிதான் கூட என்று ஒப்புக்கொண்டார். "அப்ப இது காபி கலந்த சிக்கரி. பலகையில அப்படி எழுதிடுங்க" என்றார் இவர். குரலில் சண்டை இல்லை, கிண்டலும் இல்லை. மறுநாள் கேன்டீன்காரர் நிஜமாகவே சாக்பீஸால் அப்படி எழுதி வைத்துவிட்டார். ஆபீசே வயிறு வலிக்கச் சிரித்தது. இவர் ஒருவர்தான் பலகையைப் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் படித்துக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும். ஆபீசில் முதுகுக்குப் பின்னால் அவரைத் 'தலைப்பு' என்போம். நேரில் நான் கூப்பிட்டது அண்ணா என்று. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குச் சாமான் தருவிக்கும் பிரிவில், அறுபதுகளில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் மேசை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் வடாற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் பிறந்து ஒரே குழியில் இறங்கியவர்கள். நாங்கள் இருவரும் எப்படியோ தத்தித் தடுமாறிப் பத்தாவது தேறிவிட்டதால் குழிக்குள் ஆளை இறக்கும் கூண்டில் இறங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுரங்கத்துக்கு வேண்டிய சாமான்களில் பாதி அன்றைக்குக் கப்பலில் வந்தன. மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கும். இறங்கியது இன்ன பொருள் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சுங்கக்காரர்களிடம் ஒரு தடித்த அட்டவணை உண்டு. உலகத்தில் இருக்கிற அத்தனை பொருளும் அதில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் அடங்கியே ஆக வேண்டும். தலைப்பு மாறினால் வரி மாறும், லைசென்ஸ் மாறும், சில சமயம் சாமானே வந்த வழி திரும்பிப் போகும். எந்தத் தலைப்பு என்று முடிவு செய்து, உறுதிமொழித் தாள் எழுதி, இனிஷியல் போட்டு மெட்ராஸில் இருக்கும் ஏஜெண்டுக்கு அனுப்புவது இவர் பொறுப்பு.

வேறு யாராக இருந்தாலும் விற்றவன் பில்லில் என்ன எழுதியிருக்கிறானோ அதைப் பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவருக்குப் பில் போதாது. சாமானைப் பிரித்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். குழிக்குள் இறங்குகிறவர்கள் தொப்பியில் மாட்டும் விளக்கு ஒருமுறை புது மாதிரியில் வந்தது. பெரிய பாட்டரி, சின்ன விளக்கு. இது பாட்டரியா விளக்கா என்று ஒரு மத்தியானம் முழுக்க மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் முகம் மலர்ந்தது. "இத மாட்டிக்கினு எறங்கறவன் எதுக்கு மாட்டிக்கினு எறங்கறான்? வெளிச்சத்துக்கு. அப்ப விளக்குதான்" என்றார். இது எனக்குக் காலையிலேயே தெரியும் என்றேன். எதனால் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆபீசுக்கு வெளியிலும் இந்த வியாதி அவரை விடவில்லை. வேலூரிலிருந்து வந்த என் மாமா ஒருவர் எங்கள் ஊர் சயனைட் மேட்டைப் பார்த்து, எத்தனை பெரிய மலை என்று வாயைப் பிளந்தார். கூட நின்ற இவரால் பொறுக்க முடியவில்லை. அது மலை இல்லை, தங்கத்தை எடுத்துக்கொண்டு அரைத்துக் கொட்டிய கல்மாவு என்று பொறுமையாக விளக்கினார். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அன்றைக்கு முழுக்க அதை மலை, மலை என்றே சொல்லி அவரைப் படுத்தி எடுத்தார்.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. சுரங்கத்தில் கொடுத்து அவர் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில், நாலு கதவு தள்ளி ஒரு பையன் இருந்தான். மின்சாரப் பிரிவில் ஹெல்பர். அவனுக்குப் பெண் பார்த்தபோது வீட்டார் எலக்ட்ரீஷியன் என்று சொல்லி வைத்தார்கள். கல்யாணம் என்றால் இந்த அளவு எல்லோரும் சொல்வதுதான். பெண்ணின் அப்பா ஆம்பூர்க்காரர். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தவர், விதி பாருங்கள், இவரிடம் வந்து கேட்டார். பையன் தங்கமானவன், குடிக்க மாட்டான், கை சுத்தம் என்றெல்லாம் இவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அவன் ஹெல்பர், எலக்ட்ரீஷியன் பரீட்சை இன்னும் எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆம்பூர்க்காரர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. சம்பந்தம் முறிந்தது. பையனின் அம்மா இவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இவர் சம்சாரம் குழாயடிக்குப் போனால் கடைசிக் குடம் அவருடையதாகத்தான் இருந்தது, பல மாதங்களுக்கு.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று நான் அவரைக் கேட்டேன். மனிதர் நிஜமாகவே குழம்பிப் போனார்.

"எனக்குத் தெரியுமேப்பா" என்றார்.

அரிச்சந்திரனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து நான் படும் பாட்டை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வருஷம் அதே பையனுக்குப் பரீட்சை மனுவை வாங்கி வந்து, தானே உட்கார்ந்து நிரப்பி, கட்ட வேண்டிய பணத்தையும் கட்டிவிட்டு வந்தவரும் இவர்தான். பையன் தேறினான். அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்கால ரயிலுக்குத் தபால் பை கட்டுவார்கள். அது பங்காருப்பேட்டை போய் அங்கிருந்து மெட்ராஸ் வண்டி ஏறும். பை கட்டும் நேரத்தில் ஆள் இடத்தில் இல்லையென்றால் தாள் ஒருநாள் தங்கிவிடும். அதனால் எதிர் மேசைக்காரனின் இனிஷியலை எல்லோரும் பழகி வைத்திருந்தோம். மையொற்றும் தாளில் நான் அவருடையதைப் போட்டுப் பழகினேன். கடைசி எழுத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு வரும். கொஞ்ச நாளில் அவரைவிட எனக்கு அது நன்றாக வந்தது. அவரும் பார்த்துச் சிரித்தார். நினைவூட்டுக் கடிதம், கேட் பாஸ் இதற்கெல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னார். சுங்கத்துக்குப் போகும் தாளுக்கு மட்டும் கூடாது என்றார். அது சத்தியம் பண்ணுகிற மாதிரி, ஒருவன் சத்தியத்தை இன்னொருவன் பண்ண முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

சுரங்கம் சர்க்கார் கைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தபோது எங்கள் லேபுக்கு எரிவாயு உருளைகள் தருவித்தார்கள். குழியிலிருந்து வரும் கல்லில் தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் இடம் அது. அங்கே பர்னர்களுக்கு இருந்த பழைய வாயு ஏற்பாடு பழுதாகிவிட்டது. இப்போது வீட்டுக்கு வீடு அடுப்படியில் நிற்கும் சிலிண்டரை அன்றைக்கு எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தவர்களே சிலர்தான். மாதிரிக்கென்று ஓர் உருளை முன்னாலேயே வந்திருந்தது. இவர் லேபுக்குப் போய் அதைக் கட்டிப் பிடித்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள தண்ணியாட்டம் குலுங்குது. தொறந்தா காத்தா வருது. இத எதுல சேக்கறது?" என்று என்னைக் கேட்டார். உருளை என்று எழுதுங்கள் என்றேன். காலி உருளை விற்றவனுக்கே திரும்பிப் போய்விடும், அதற்குத் தனித் தாள், உள்ளே இருப்பதைத்தான் கேட்கிறேன் என்றார். மூன்று நாள் மத்தியானச் சோற்றை என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். அடைத்து அழுத்தி வைத்திருப்பதால் அது திரவமாக இருக்கிறது, விட்டுவிட்டால் வாயு, ஆகவே வாயு.

சிக்கல் அதோடு தீரவில்லை. விற்றவன் பில்லில் 'பியூட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அந்த ஒரு பொருள் மட்டும் சுத்தமாக இருந்தால் ரசாயனப் பொருள் என்ற தலைப்பில் போகும், சாமான் இரண்டொரு நாளில் வெளியே வந்துவிடும். வேறு வாயு கணிசமாகக் கலந்திருந்தால் பெட்ரோலிய வாயு என்ற தலைப்பு. அதற்கு வரி வேறு, அனுமதி வேறு, வாரக்கணக்கில் இழுக்கும். பில்லோடு, உள்ளே எது எவ்வளவு என்று சொல்லும் ஒரு சோதனைத் தாளும் நாலாக மடித்துக் குத்தப்பட்டு வந்திருந்தது. அப்படி வருகிற தாள்களை யாரும் பிரிப்பதில்லை. இவர் பிரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, முழுக்கப் படித்தார். புரோப்பேன் நிறையவே கலந்திருந்தது.

கலப்பு, ஆகவே பெட்ரோலிய வாயு, அனுமதி வரட்டும், பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் ஏஜெண்ட் டிரங்க் காலில் கூப்பிட்டு, எல்லோரும் பில்லைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்று கத்தினார். எங்கள் சூப்பரின்டெண்ட் மேசைக்கே வந்து நின்றார். லேப் முடங்கிக் கிடந்தது. கல் மாதிரிகள் பொட்டலம் பொட்டலமாகக் குவிந்து, எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியாமல் கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் குடியாத்தத்தில் அவர் மாமனார் செத்துப் போனார். நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். போகும்போது அந்த பைலை என்னிடம் காட்டி, அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் தான் வரும்வரை தொட வேண்டாம் என்று சொன்னார். சரி என்றேன்.

இரண்டாம் நாள் சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். என் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் அப்போது டெம்பரவரி. அப்பா குழியில் நெஞ்சுக்குள் சேர்த்துக்கொண்ட தூசியோடு ரிடையராகி, கோரமண்டல் லைனில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமானால் அந்த வீடு என் பெயருக்கு மாறும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். நிரந்தரமாக்கும் பட்டியல் சூப்பரின்டெண்ட் மேசைமேல் இருந்தது. இப்படி எழுது என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கு நான் எழுதினால் அது பொய். லேப் மூடிக் கிடக்கிறது என்றார், நான் சாமர்த்தியசாலி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார், பட்டியல் இந்த வாரம் மேலே போகிறது என்றார். சாமர்த்தியசாலிக்கு அதற்கு மேல் எதற்கு?

மேசைக்கு வந்து பைலைப் பிரித்தேன். சோதனைத் தாளையும் பிரித்துப் படித்தேன். இதை ஒளிக்க மாட்டேன். புரோப்பேன் எவ்வளவு என்று என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, பியூட்டேன், ரசாயனப் பொருள் என்று டைப் அடித்தேன். என் இனிஷியலைப் போட்டால் டெம்பரவரி ஆள் எப்படிப் போட்டான் என்று கேள்வி வரும். அவருடையதைப் போட்டேன். வளைவு அச்சாக வந்தது. சாயங்காலப் பையில் தாள் போய்விட்டது.

என் புத்திசாலித்தனத்தின் அழகைக் கேளுங்கள். வந்த தாளையெல்லாம் பின்னால் வைத்துக் குத்தி அனுப்புவது எங்கள் ஆபீஸ் வழக்கம். கை தானாகச் செய்யும். பொய்யை டைப் அடித்து, அதற்குப் பின்னாலேயே உண்மையை நானே குத்தி அனுப்பியிருந்தேன். துறைமுகத்தில் யாரோ ஒருவர், இவரைப் போலவே பிடிவாதக்காரராக இருக்க வேண்டும், மடித்த தாளைப் பிரித்துப் படித்துவிட்டார். உருளையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். சாமான் பறிமுதல், சுரங்கத்துக்குத் தாக்கீது. தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல வழியில்லை, தாள் கையில் இருந்தும் மாற்றி எழுதியது வேண்டுமென்றே செய்தது என்று கடிதம் சொன்னது. சூப்பரின்டெண்ட் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். தமக்கு ஒன்றுமே தெரியாது, அது யார் இனிஷியலோ அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணா லீவு முடிந்து வந்து சில வாரம் ஆகியிருந்தது. நான் எழுதி அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த பைல் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, சூப்பரின்டெண்ட் பார்த்துக்கொண்டார் என்று மழுப்பியிருந்தேன். தாக்கீதோடு அந்தத் தாளின் நகல் வந்து அவர் மேசையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வளைவின்மேல் அவர் பார்வை நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் டிராயரைத் திறந்து எதையோ தேடினேன்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கமாகச் சேர்ந்து நடந்தோம். சேர்ந்து போவது வழக்கம், அன்றைக்கு மட்டும் எப்படித் தனியாகப் போவது? வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சோதனைத் தாள படிச்சியா?"

"படிச்சேண்ணா."

"படிக்கலன்னு சொல்லுவன்னு பார்த்தேன்" என்றார். அப்புறம், அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். படுக்கவே முடிவதில்லை என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரம் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கதவருகே நிற்க வைத்திருந்தார்கள். அவரிடம் தாளைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவார், வேறு எதையும் சொல்ல அவருக்குத் தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"என்னுதுதான் சார்" என்றார். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டேன். தேதிய மட்டும் போட்டு பையில போடச் சொன்னேன்."

சோதனைத் தாளைப் பார்த்தீரா என்றார்கள். பார்த்தேன் என்றார். பார்த்துமா இப்படி எழுதினீர் என்றார்கள். ஆமாம் என்றார். லேப் நின்றுபோனதால் அவசரப்பட்டுவிட்டேன் என்று காரணமும் சேர்த்துச் சொன்னார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியிராத மனிதர், முதல் பொய்யையே நாலு பக்கமும் அடைத்து, ஓட்டை இல்லாமல் சொன்னார். அதற்கு முந்தின இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள், தாளைப் பையில் போட்டது நீயா என்று. ஆமாம் சார் என்றேன். என் சாட்சியம் அவ்வளவுதான். அதில் ஓர் எழுத்துப் பொய்யில்லை.

அவரை அந்த நாற்காலியிலிருந்து எடுத்துக் குழி வாசலில் டோக்கன் ஜன்னலுக்குப் போட்டார்கள். இறங்குகிறவர்களுக்குப் பித்தளை டோக்கன் கொடுத்து, ஏறி வருகிறவர்களிடம் திருப்பி வாங்கும் வேலை. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தவர் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதினார்கள். லைன் வீடுகளில் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னவர் யோக்கியதையைப் பார் என்று குழாயடியில் சிரித்தார்கள். எனக்கு அந்த மாதமே நிரந்தர உத்தரவு வந்தது. வீடு என் பெயருக்கு மாறியது. இரண்டு வருஷம் கழித்து அப்பா அந்த வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். ஆபீசில் அண்ணா உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

வழியில் பார்த்தால் எப்போதும் போலப் பேசுவார். இப்போது என்னென்ன சாமான் வருகிறது, எந்தத் தலைப்பில் போட்டாய் என்று ஆவலாகக் கேட்பார். சொல்வேன். சில சமயம், அது அப்படி இல்லையே, இன்னொரு தரம் பார் என்பார். பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம், நடுத்தெருவில் ஓர் அறை விட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் என்னைக் கொன்றார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயர் மட்டும் நான் போட்ட இனிஷியலாக ஏதோ ஒரு பைலில் கிடக்கிறது. அதை இன்னொரு தாளில் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

எழுபதுகளில், பழைய தண்டனைகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. அவர் அக்கறை காட்டவில்லை. அவர் சம்சாரம்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்து மனு எழுத வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார். பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகவும், வருகிறவர்கள் எல்லோரும் பெண்ணின் அப்பா பொய்க் காகிதம் எழுதி மாட்டினவராமே என்று கேட்டுவிட்டு எழுந்து போவதாகவும் சொன்னார். அழவில்லை. சொல்லும்போது பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, உங்களாண்ட மட்டும் போவாதன்னு சொன்னாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றாரு. உங்களுக்குள்ள எதனா சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி."

"அப்ப ஒரு லெட்டர் குடுங்க. எதிர் மேசையில இருந்தவரு நீங்க. நடந்தத எழுதுங்க, போதும்."

நடந்ததை எழுதுவதென்றால் ஐந்து வரி. பேனாவை எடுத்தேன். நான் அப்போது பிரிவுக்குத் தலைமை குமாஸ்தா, வீட்டில் இரண்டு குழந்தைகள். ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். இவரை இத்தனை வருஷமாக அறிவேன், நாணயமானவர், உழைப்பாளி, நேரம் தவறாதவர், கருணையோடு பரிசீலிக்க வேண்டும். எழுதியது ஒவ்வொன்றும் நிஜம். நடந்தது மட்டும் அதில் இல்லை. அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தார். நீங்க நல்லா இருக்கணும் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எனக்குச் சாபம் கொடுத்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. மனுவோடு வைத்த கடிதம் பொதுவான நடத்தையைப் பற்றி மட்டும் சொல்கிறது, சம்பவம் பற்றிப் புதிய விவரம் எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. அந்த உத்தரவு என் மேசை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பியூனிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு குழி வாசலுக்குப் போனேன். பகல் ஷிப்ட் இறங்கி முடிந்து, ஜன்னலில் கூட்டம் இல்லை. உள்ளே அவர் மட்டும் இருந்தார்.

உத்தரவைப் படித்தார். பின்னால் குத்தியிருந்த என் கடிதத்தையும் பிரித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். நான் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், இன்றைக்கே போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவது என்று மனதில் தீர்மானம் செய்திருந்தேன். அந்த மாதிரித் தீர்மானங்கள் நான் நிறையச் செய்திருக்கிறேன்.

இரண்டு தாளையும் மடிப்புக் கலையாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அவ உன்னாண்ட வந்தாளா? போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். "உன்ன இன்னொரு தரம் இப்படி எழுத வெச்சிட்டாளே. மனசுல வெச்சிக்காதப்பா. அவளுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

மேலே கூண்டுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பரவால்லண்ணா" என்றேன்.